அறிவியல் புனைவு ஆர்.பி.ஜி.க்குப் புதுக் கரு எங்கே தேடுவது? கொங்குப் பக்கத்து ஜி.எம்.கள் சொல்லுங்க

மஞ்சள்சந்தை (ஈரோடு)

வணக்கமுங்க. ஈரோட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆர்.பி.ஜி. டேபிள் ஒன்று நடத்துகிறேன். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் விளையாட்டு; அதை நடத்துகிற ஜி.எம். நான். இப்போது ஓடும் கேம்பைன், அதாவது வாரா வாரம் தொடரும் கதை, சீக்கிரம் முடியப்போகிறது. அடுத்ததும் அறிவியல் புனைவுதான் வேண்டும் என்று எல்லாரும் ஒரே பிடியாக நிற்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் எதை எடுத்தாலும் ஏற்கெனவே ஆடிய மாதிரி இருக்கிறது. கொடுங்கோல் பேரரசு, அதை எதிர்க்கும் கலகக் கூட்டம். கைவிடப்பட்ட கப்பலுக்குள் ஏதோ ஒன்று நகர்கிறது. அழிந்துபோன வேற்றுலகத்தார் விட்டுச்சென்ற கருவி. நான் வாயைத் திறந்து நாலு வரி சொல்வதற்குள் முடிவைச் சொல்லிவிடுகிறார்கள்.

பகடை உருட்டிக் கரு எடுக்கும் அட்டவணைகளையும் பார்த்துவிட்டேன். பாலைவனக் கோள், ஊழல் ஆளுநர், காணாமல் போன விஞ்ஞானி என்று வருகிறது. அந்த விஞ்ஞானி காணாமல் போனால் யார் வீட்டில் அடுப்பு எரியாது என்பதற்கு அதில் பதில் இல்லை. ஒரு வருடம் தாங்குகிற கரு வேண்டும். நீங்களெல்லாம் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?


ஆறரை இஞ்சு (திருச்செங்கோடு)

அண்ணா, எங்க ஊரில் தெருவுக்குத் தெரு ரிக் வண்டி நிற்கிறது. அதைவிட நல்ல விண்கலக் குழு எங்கே கிடைக்கும்? டிரில்லர், ஹெல்பர், டிரைவர், சமையல்காரர் என்று ஒரு கூட்டமாகக் கிளம்பி வட நாடெல்லாம் சுற்றுவார்கள். சில வண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது. மாசக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார்கள். முதலாளி இங்கே இருப்பார். வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் அந்த ஊர்க்காரர், அவருக்குக் கமிஷன். எந்த இடத்தில் குழி போடுவது என்று சொல்ல நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் கையில் தேங்காயோடு வருவார். குழி போட்டுக் கொடுப்பதோடு இவர்கள் வேலை முடிந்தது. தண்ணீர் வராவிட்டாலும் அடிக் கணக்குப்படி பணம் வாங்கித்தான் ஆகவேண்டும்.

இதில் ஒரு நொடி இருக்கிறது. கம்ப்ரசர் காது கிழிகிற மாதிரி ஓடும். குழியிலிருந்து பாறைத் தூள் வெள்ளையாகப் பறந்துகொண்டே இருக்கும். ஈரம் தட்டினால் அந்தத் தூள் பறக்காமல் கட்டி கட்டியாக விழும். 800 அடி தாண்டியும் வெறும் தூள்தான் என்றால் டிரில்லர் திரும்பி வீட்டுக்காரரைப் பார்ப்பார். இன்னும் 100 அடி இறக்கலாமா, ராடைக் கழற்றலாமா? அந்த 100 அடிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது அந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தக் கும்பலை அப்படியே வியாழனின் துணைக்கோள்களுக்கு அனுப்புங்கள். ஐரோப்பா துணைக்கோளில் 15 முதல் 25 கிலோமீட்டர் கனத்துக்குப் பனி ஓடு, அடியில் கடல் என்று கணித்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடியேற்றமும் ஒரு வாடிக்கையாளர், ஒவ்வொரு குழியும் ஒரு கதை.


கணவாய்க்காற்று (கோவை)

ரிக் குழு யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இப்படியே கொண்டுபோனால் அது திருச்செங்கோடுதான், மேலே விண்வெளி உடை மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அறிவியல் புனைவு என்றால் இயற்கையின் ஏதாவது ஒரு விதி கதைக்குள் வந்து கை வைக்க வேண்டும். விதி மாறினால் சண்டையும் மாறவேண்டும்.

உங்கள் உதாரணத்தையே எடுக்கிறேன். ஐரோப்பாவின் மேற்பரப்பில் வியாழனின் கதிர்வீச்சு கடுமை. பாதுகாப்பில்லாமல் ஒரு நாள் நின்றாலே உயிருக்கு ஆபத்தான அளவு. பனிக்குள் இறங்கிவிட்டால் அந்தப் பனியே கவசம். அப்படியானால் ரிக்கை நிறுத்தி முதல் சில மீட்டர் தோண்டும் வேலைதான் சாவோடு விளையாடுவது. அதை யார் செய்வார்கள்? ஒவ்வொரு கேரக்டருக்கும் வாழ்நாளில் வெளியே நிற்கக்கூடிய நேரம் என்று ஒரு கணக்கு வையுங்கள். அடிபட்டால் குறையும் ஹிட் பாயின்ட் தூங்கி எழுந்தால் திரும்பும், இது திரும்பாது. மூத்த டிரில்லருக்குத் தொழில் அத்துப்படி, ஆனால் நேரம் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. புதுப் பையனுக்கு நேரம் நிறைய, கை பழகவில்லை. இந்த முடிச்சு பூமியில் கிடையாது.

வீட்டுக்குப் போன் செய்தால் குரல் பூமியைத் தொடவே 33 முதல் 54 நிமிடம் வரை ஆகும். குழி நடுவில் முதலாளியைக் கேட்டு முடிவெடுக்க முடியாது.


ஆறரை இஞ்சு (திருச்செங்கோடு)

அந்தக் கணக்கை எடுத்துக்கொள்கிறேனுங்க. எங்க டேபிளுக்கே வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.


டீசல்டேங்க் (சங்ககிரி)

1977-இல் வந்த ட்ராவலர் என்ற விண்வெளி ஆர்.பி.ஜி.யைத் தொடாதவர்கள் ஒருமுறை அதன் கடன் விதியைப் படியுங்கள். கப்பலை ரொக்கம் கொடுத்து வாங்க யாராலும் முடியாது. விலையில் 240-இல் ஒரு பங்கை மாதாமாதம் கட்டவேண்டும், 480 மாதத்துக்கு. 40 வருடம். கட்டி முடிக்கும்போது விலையைப் போல இரண்டு மடங்கு போயிருக்கும். லோடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் டியூ தேதி வந்துவிடும். அதனால்தான் அந்த விளையாட்டில் ஜி.எம். யாரையும் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. கேட்கக் கூடாத சரக்கை ஏற்றலாமா என்று ஆட்டக்காரர்களே இரவெல்லாம் பேசுவார்கள்.

எங்க ஊரில் லாரி வைத்திருக்கும் யாரிடம் இதைச் சொன்னாலும் விளக்கமே வேண்டாம். லோடு புக்கிங் ஆபீஸ், திரும்பி வர ரிட்டர்ன் லோடு, மூன்று மாசம் டியூ நின்றால் வண்டியைத் தூக்க வரும் ஆள், எல்லாம் தெரிந்த விஷயம். அந்த வண்டி தூக்கும் ஆளையே ஹீரோவாக்கி ஒரு கேம்பைன் நடத்தியிருக்கிறேன். குழு மொத்தமும் கடன் கட்டாத கப்பல்களை மீட்டுக் கொண்டுவரும் வேலையில். கப்பலுக்குள் ஏறினால் அங்கே ஒரு குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கும். துப்பாக்கி எடுப்பதா, ரசீது எடுப்பதா என்பதே பெரிய விவாதமாகிவிடும்.

இன்னொன்று. ட்ராவலரில் கப்பல் ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு தாவல் தாவினால் ஏறத்தாழ ஒரு வாரம். கப்பலைவிட வேகமாகச் செய்தி போக வழியில்லை. கடன் தள்ளுபடி ஆன சேதி வருவதற்குள் நீங்கள் அந்தக் கப்பலைத் தூக்கிவிட்டிருப்பீர்கள். கணவாய்க்காற்று சார் கேட்கும் விதி மாற்றம் இதில் இருக்கிறது.


கடைமடை (சென்னிமலை)

இந்த இழையில் என் பங்குக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க. வில்லனைத் தேடுவதை நிறுத்துங்கள் என்பதுதான் என் கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற ஒரு தகராறைப் பிடியுங்கள். ஒரு வருடம் என்ன, மூன்று வருடம் ஓடும்.

பவானிசாகர் அணை 1955-இல் வந்தது. அதிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர். பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். எல்லா நிலத்துக்கும் ஒரே நேரத்தில் நெல்லுக்குத் தண்ணீர் விட முடியாது. அதனால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஆகஸ்டில் திறந்து நஞ்சை, இன்னொரு பக்கத்துக்கு ஜனவரிக்கு மேல் கடலை, எள் மாதிரிப் புஞ்சைப் பயிர். அடுத்த வருடம் முறை மாறும். உங்கள் குடியேற்றத்தில் மின்சாரத்தையோ காற்றையோ இப்படி முறை வைத்துப் பிரித்தால் கல்யாணம் எந்த மாதம், பள்ளிக்கூட விடுமுறை எப்போது என்பதெல்லாம் மதகு எண்ணைப் பொறுத்து அமையும். ஒற்றைப்படைப் பெண் இரட்டைப்படை வீட்டில் வாழ்க்கைப்பட்டால் அந்த வருடம் சீர் எதில் வரும்? இதிலேயே பாதி உலகம் தயார்.

ஆனால் நான் சொல்ல வந்தது கசிவு. அந்த வாய்க்காலுக்கு கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று எங்கள் பக்கம் வருடக்கணக்காகத் தகராறு. கான்கிரீட் போட்டால் வழியில் வீணாகாது, வாய்க்கால் முடிகிற கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும். மண் கரையாகவே விட்டால் கசிகிற தண்ணீர் பக்கத்துக் கிணறுகளில் ஊறும், அதை நம்பியே தென்னை வைத்தவர்கள் இருக்கிறார்கள். வாய்க்கால் பாசனக் கணக்கில் அவர்கள் பெயர் இருக்காது. அணை கட்டிய காலத்திலிருந்து கசிகிற தண்ணீர் அவர்களுடைய உரிமையா, இல்லை கடைமடைக்காரனிடமிருந்து களவு போனதா? எங்க வீட்டுத் திண்ணையிலேயே இரண்டு கட்சி உண்டு. நான் எந்தக் கட்சி என்று என் பெயரைப் பார்த்தே தெரியும்.

இதை ஒரு தலைமுறைக் கப்பலில் வையுங்கள், ஜனங்கள் உள்ளேயே பிறந்து வாழ்ந்து தலைமுறை தலைமுறையாகப் பயணம் போகும் விண்கலம். கிளம்பி 200 வருடம் ஆகிவிட்டது. அச்சிலிருந்து விளிம்பு வரை ஒரு தலைக் குழாய். அது முதல் நாளிலிருந்தே கசிகிறது. வரைபடத்தில் காலி என்று போட்டிருக்கும் தளங்களில் கசிவை நம்பி ஜனங்கள் குடியேறித் தலைமுறைகள் ஆகிவிட்டன. கடைசித் தளத்தில் குழாயில் காற்றுதான் வருகிறது. ஆட்டக்காரர்கள் படைவீரர்களும் இல்லை, புரட்சிக்காரர்களும் இல்லை. கசிவை அளந்து வரச்சொல்லி அனுப்பப்பட்ட அளவைக் குழு. கையில் டேப், மீட்டர், நோட்டு. முதல் செஷனில் குழாயை ஒட்டி நடக்கிறார்கள். ஈரமான இடத்தில் சாக்பீஸில் குறி போடுகிறார்கள். ஒரு வளைவில் திரும்பினால் அங்கே கீரைப் பாத்தி, பக்கத்தில் ஒரு பாட்டி. "ஏனுங்க தம்பி, அந்தக் குறி எதுக்குங்க?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வார்கள்? அவர்கள் நோட்டில் எழுதப்போகும் எண்தான் அந்தக் கேம்பைனில் மிகப் பெரிய ஆயுதம். குறைத்து எழுதலாம், கூட்டி எழுதலாம், எழுதாமலே விடலாம்.


கணவாய்க்காற்று (கோவை)

கடைமடை ஐயா, இது அருமை. இதற்கு ஒரு விதியும் இயல்பாகவே வந்து சேர்கிறது. கப்பல் சுழல்வதால்தான் அங்கே எடை இருக்கும். அச்சுப் பக்கம் எடையே கிடையாது, தண்ணீர் உருண்டை உருண்டையாக மிதக்கும். விளிம்புக்குப் போகப் போக எடை கூடும். சுழலும் கூட்டுக்குள் மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் நேர் கீழே விழாது. கப்பல் சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கமாக விலகித்தான் விழும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அந்த அளவுக்கு விலகலும் கூடும்.

அப்படியானால் விரிசல் ஒருவர் வீட்டுக்கு நேர் மேலே இருக்கும், தண்ணீர் இன்னொருவர் வீட்டில் விழும். விரிசலை அடைக்கச் சம்மதம் யாரிடம் கேட்பது? நடுவில் ஒருவர் தகரம் நீட்டி வழி மறித்தால் அது திருட்டா? இங்கே வாய்க்கால் தகராறைப் பார்த்தவர்களுக்கே இந்தக் கேள்வி புதிதாக இருக்கும். எனக்கு வேண்டியது இதுதான்.


பனியன்நகர் (திருப்பூர்)

நான் கொஞ்சம் வேறு மாதிரிப் பேசப்போகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். ஊர்த் தகராறை எடுத்து விளையாடுவது நல்ல யோசனைதான். ஆனால் அது இன்னும் ஆறாத காயமாக இருக்கிற வீடுகளும் உண்டு.

எங்க அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். சித்தப்பாவுக்கு ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டம். பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய அணை, சாயக்கழிவு தேங்கி அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் நீதிமன்றம் போகும் நிலைக்கு வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்க அப்பாவுக்கு வேலை போனது. அடுத்த வருடப் பொங்கலுக்கு இரண்டு வீடும் பேசிக்கொள்ளவில்லை. இதே கதையை யாராவது டேபிளில் வைத்து, பட்டறைக்காரரை வில்லனாக்கி, பகடை உருட்டினால் நான் எழுந்து போய்விடுவேன்.

அதனால் கேம்பைன் ஆரம்பிப்பதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். எந்த விஷயம் வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள், காரணம் கேட்காதீர்கள். எக்ஸ் போட்ட அட்டை ஒன்றை நடுவில் வையுங்கள். யார் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நிற்கவேண்டும். கடைமடை சொன்ன கசிவுக் கதையை நான் விளையாடுவேன். அதில் எங்க அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு பேருமே இருக்கிறார்கள், யாரும் கெட்டவர் இல்லை.


கடைமடை (சென்னிமலை)

மனசார எழுதியிருக்கிறீர்கள் தம்பி. நீங்கள் சொன்ன மாதிரியே செய்யவேண்டும். எங்க டேபிளில் ஊர்ப்பெயர், சாதிப்பெயர், கட்சிப்பெயர் எதையும் ஆட்டத்துக்குள் கொண்டுவருவதில்லை. தகராறின் எலும்பை மட்டும் எடுத்துக்கொள்வோம்.


ஜமுக்காளம் (பவானி)

நான் டேபிளுக்குப் புதுசு, அண்ணன்மார் யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். கரு ஒன்று பெரிதாகக் கிடைத்துவிட்டது. ஆனால் வாரா வாரம் செஷனுக்கு என்ன செய்வது என்பதற்கு எனக்கு ஒரு வழி தோன்றுகிறது.

காங்கயம் பக்கத்தில் சிவன்மலை. அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. யாராவது ஒரு பக்தர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் கோயிலுக்கு வந்து சொன்னால் பூக் கேட்டுப் பார்ப்பார்கள். உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூஜை. அடுத்தவர் கனவில் அடுத்த பொருள் வரும் வரை அதுதான் இருக்கும். அதற்கு நாள் கணக்கு கிடையாது. மண் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் வைத்திருக்கிறார்கள். இது எதைக் குறிக்கிறது என்று ஊரே பேசும்.

கோயிலை விளையாட்டுக்குள் கொண்டுவரச் சொல்லவில்லை, அது சரியும் இல்லை. அதன் முறை மட்டும். கப்பலில் ஒரு பொது இடம், அங்கே ஒரு பொருள். செஷன் ஆரம்பத்தில் ஒரு ஆட்டக்காரர் பொருளை மாற்றுவார். ஒரு நட்டு, ஒரு பிடி விதை, ஒரு குழந்தையின் செருப்பு. அதற்கு என்ன அர்த்தம் என்று ஜி.எம். முடிவு செய்யவே கூடாது. கப்பல் ஜனங்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அந்தப் பேச்சை டேபிளில் இருப்பவர்களே பேசவேண்டும். எந்த அர்த்தம் அதிகம் ஒட்டுகிறதோ அதை ஒட்டி அடுத்த வாரம் ஏதாவது நடக்கட்டும். யாருக்கும் முடிவு முன்கூட்டியே தெரியாது, ஜி.எம்.முக்கும் சேர்த்து.


மஞ்சள்சந்தை (ஈரோடு)

ஜமுக்காளம், புதுசு என்று இனிமேல் சொல்லாதீர்கள் தங்கச்சி. என் பிரச்சினையின் வேரையே பிடித்துவிட்டீர்கள். முடிவை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள் என்றுதான் நான் ஆரம்பித்தேன்.


மலைரயில் (மேட்டுப்பாளையம்)

தாமதமாக வருகிறேன். தண்ணீரோடே நின்றுவிட வேண்டாம், மலைக்கு மேலேயும் பாருங்கள். ஊட்டி முத்தோரையில் 1970-இலிருந்து இயங்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை வைக்க அவர்கள் தேடியது வடக்கு தெற்காக 11 டிகிரி சரிந்த மலைச்சரிவு. அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரி என்பதால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். ஒரு திசையில் திருப்பினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். ரேடியோ மூலத்தை நிலா மறைக்கும் கணத்தைப் பிடித்து, அந்த மூலம் எவ்வளவு பெரிது என்று அளந்தார்கள்.

இதில் ஒரு கேம்பைன்: புதுக் கோளில் இறங்கிய குழுவுக்கு இப்படி ஒரே ஒரு சரிவு தேவை. அது ஏற்கெனவே ஒருவருடைய மேய்ச்சல் நிலம். நிலா மறைக்கும் நாள் குறித்தாகிவிட்டது, தள்ளிப்போட முடியாது. பேச்சுவார்த்தைக்கு இருக்கும் நாட்களை ஆட்டக்காரர்கள் எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும்.


ஆறரை இஞ்சு (திருச்செங்கோடு)

நிலா என்றதும் ஞாபகம் வந்தது. சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தைச் சோதித்துப் பார்க்க நிலா மண் வேண்டியிருந்தது. அதற்கு இஸ்ரோ எடுத்தது எங்க நாமக்கல் மாவட்டத்து சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையை. அனார்த்தசைட் என்ற வகை. நிலாவின் மேட்டு நிலப் பாறையும் அதுவேதான். இதை வைத்து யாராவது கதை கட்டுங்கள்.


கணவாய்க்காற்று (கோவை)

கட்டிவிடலாம். நிலாவின் தென்துருவத்தில் ஷாக்கிள்டன் மாதிரிப் பள்ளங்களின் அடியில் வெயில் படுவதே இல்லை, பனி இருந்தால் அங்கேதான் இருக்கும். அதன் விளிம்பு மேடுகளில் வருடத்தில் பெரும்பகுதி வெயில் அடிக்கும். மேட்டுக்காரனிடம் மின்சாரம், தண்ணீர் இல்லை. பள்ளத்துக்காரனிடம் தண்ணீர், வெளிச்சம் இல்லை. ஒருவரை விட்டு ஒருவர் வாழ முடியாது. கடைமடை ஐயா கேட்ட இரண்டு பக்க நியாயத்தை இங்கே இயற்கையே பிரித்துக் கொடுத்துவிட்டது. ஒரே ஒரு கேபிள், ஒரே ஒரு குழாய், நடுவில் ஒரு சந்தை. சிறிய கேம்பைன் வேண்டுமென்றால் இது போதும்.


மஞ்சள்சந்தை (ஈரோடு)

எல்லாருக்கும் நன்றிங்க. கசிகிற குழாயைத்தான் எடுக்கப்போகிறேன். சொட்டு விலகி விழும் விதியும், வாரா வாரம் மாறும் பொருளும் கூடவே வரும். பனியன்நகர் சொன்னபடி முதல் ஞாயிறு பேச்சுக்கு மட்டும். டீசல்டேங்க் சொன்ன கடன் விஷயத்தை அளவைக் குழுவின் சம்பளத்தில் நுழைத்துவிடலாம் என்று பார்க்கிறேன், அளவு முடித்துக் கொடுத்தால்தான் கூலி.

ஒரே ஒரு சந்தேகம். தண்ணீர்க் கணக்கை எப்படி வைப்பது? லிட்டரில் வைத்தால் டேபிள் கணக்கு வகுப்பாகிவிடும். கணக்கே இல்லாவிட்டால் யாருக்கும் உறைக்காது.


கடைமடை (சென்னிமலை)

லிட்டர் வேண்டாம், பங்கு வையுங்கள். குழாயின் தலையில் 20 பங்கு. வழியில் 10 விரிசல், ஒவ்வொன்றிலும் 1 பங்கு போகும், ஒவ்வொன்றையும் நம்பி ஒரு குடியிருப்பு. மிச்சம் 10 கடைசித் தளத்துக்கு வருகிறது. அவர்கள் பிழைக்க 12 வேண்டும். அப்படியானால் இரண்டு விரிசலை அடைத்தால் போதும். கேம்பைன் பாதியில் தலையில் 19 ஆகிவிட்டது என்று அறிவியுங்கள், அப்போது மூன்று.

ஒரு பெரிய தாளில் குழாயை நீளமாக வரைந்து, பத்து விரிசலையும் குறித்து, பங்குக்குப் பதில் புளியங்கொட்டையை வையுங்கள். தாள் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி டேபிளில் விரித்தே இருக்கட்டும், உங்கள் திரைக்குப் பின்னால் ஒளிக்க வேண்டாம். முதல் செஷனில் எந்தக் குடியிருப்புக்கும் பெயர் போடாதீர்கள். ஆட்டக்காரர்கள் ஒரு இடத்துக்குப் போய், அங்கே ஒருவரிடம் பேசிய பிறகு பெயரை அவர்களே எழுதட்டும். எந்த இரண்டை அடைப்பது என்ற பேச்சு மூன்றாவது செஷனுக்கு முன்னால் வந்தால் விட்டுவிடுங்கள், பேசட்டும். பெயர் எழுதாத விரிசலைத்தான் முதலில் அடைக்கச் சொல்வார்கள். அந்த வாரம் அளவைக் குழுவை அந்த இடத்துக்கே அனுப்புங்கள்.